வாஸ்குவெஸ் பாறைப் பூங்கா: ரசிகர் படக் குழுக்களுக்கான ஒரு மதிப்பீடு

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், அகுவா டல்சி என்னும் சிற்றூரை ஒட்டி, 14ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அருகே வாஸ்குவெஸ் ராக்ஸ் பூங்கா அமைந்துள்ளது. 1967 ஜனவரியில் ஒளிபரப்பான ‘அரீனா’ என்ற, ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயத்தில், கதாநாயகன் கேப்டன் கிர்க் பல்லி உருவம் கொண்ட கோர்ன் என்னும் வேற்றுக்கோள்வாசியுடன் மோதியது இந்தப் பாறைகளில்தான். அறிபுனைக் கதையைப் படமாக்க விரும்பும் ரசிகர்களின் நினைவுக்கு இந்த இடம் முதலில் வருவதில் வியப்பில்லை. சம்பளம் வாங்காத நண்பர்களைக் கொண்டு, பிடித்த தொடரின் உலகில் நிகழும் குறும்படங்களை, அதாவது ரசிகர் படங்களை எடுக்கும் எங்களைப் போன்ற குழுக்களுக்கு இது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஓடைகள் அடித்துவந்து சேர்த்த மணலும் கூழாங்கற்களும் சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகி, பின்னர் நிலப்பிளவுகளின் அசைவால் ஒருபுறமாகச் சாய்ந்து மேலெழுந்ததால் உருவானவை இப்பாறைகள். உயரமானவை 45 மீட்டரை எட்டும். அடுக்குகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கேமராவைத் தரையோடு தாழ்த்தி வைத்து, நடிகரை முன்னால் நிறுத்தி, பாறையையும் வானத்தையும் மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் வேற்றுக்கோள் தயாராகிவிடுகிறது. செட்டும் தேவையில்லை, பச்சைத் திரையும் தேவையில்லை. கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியவுடன் சாலையும் வீடுகளும் வாகன நிறுத்துமிடமும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அகன்ற காட்சிகளுக்காக ஏங்குபவர்கள் இதை முன்கூட்டியே சென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் படமெடுக்கும் அந்தப் பெரிய பாறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்ப்பவர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். அந்தக் கணமே நம் கதையை விட்டுப் பழைய அத்தியாயத்துக்குள் போய்விடுவார். கிர்க்கும் கோர்னும் மோதிய காட்சியை அதே இடத்தில் மறுபடியும் நடித்துப் பார்க்கும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்கள் 2016 ஜூனில் வெளியிட்ட ரசிகர் பட நெறிமுறைகள், முந்தைய காட்சிகளை மறுஆக்கம் செய்யாமல் சொந்தக் கதையையே எடுக்க வேண்டும் என்கின்றன. படம் 15 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், அல்லது இரண்டு பகுதிகளாக மொத்தம் 30 நிமிடங்களுக்குள் அமைய வேண்டும். பங்கேற்பவர் எவரும் ஊதியம் பெறக் கூடாது. இந்த அளவுக்குள் அடங்கும் கதைக்கு, பெரிய பாறைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் சிறிய பாறைகளும் அவற்றின் இடுக்குகளுமே தாராளமாகப் போதும். அங்கே சாலையும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

இந்த இடத்தின் பெரிய குறை ஒலி. நெடுஞ்சாலையின் இரைச்சல் பாறைகளுக்கு நடுவிலும் கேட்கிறது. காற்று எழுந்துவிட்டால், மைக்குக்கு ரோம உறை போட்டிருந்தாலும் வசனம் தெளிவாகப் பதிவாவதில்லை. களத்தில் பதிவாகும் ஒலியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, வசனங்களைப் பின்னர் டப்பிங்கில் பேசிச் சேர்ப்பதே நல்லது. முகமூடியோ தலைக்கவசமோ அணிந்த பாத்திரங்களுக்குக் கூடுதலாக வசனம் கொடுத்தால், உதட்டசைவு பொருந்தவில்லையே என்ற கவலையும் பாதியாகக் குறையும்.

நண்பகலில் பாறையின் அடுக்குகள் வெளிறித் தட்டையாகத் தெரிகின்றன. காலையிலும் பிற்பகலின் கடைசிப் பொழுதிலும் வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அவற்றின் சொரசொரப்பு துலங்குகிறது. கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே இயல்பு, நிழலும் அரிது. ரப்பர் முகமூடி அணிந்து வேற்றுக்கோள்வாசியாக நடிப்பவரின் உடல்நலம் எந்தக் காட்சியையும்விட முக்கியம் என்பதால், குளிர்காலத்தையோ வசந்தத்தின் தொடக்கத்தையோ தேர்ந்தெடுக்கும்படி அழுத்திச் சொல்கிறேன். கிலுகிலுப்பைப் பாம்புகள் வாழும் பகுதி என்பதால், இடுக்குகளில் கைவைக்கும் முன் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைப் படப்பிடிப்பு அனுமதிகளைக் கவனிக்கும் ஃபிலிம்எல்ஏ அமைப்பு வழியாக அளிக்க வேண்டும், பிறருக்கு நேரும் காயத்துக்கோ சேதத்துக்கோ ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டின் சான்றும் இணைக்க வேண்டும். சிறிய குழுவுக்கு உடைகளையும் உபகரணங்களையும்விடக் காப்பீடே பெரிய செலவாக அமையலாம். லாப நோக்கம் இல்லை என்பதைக் காரணம் காட்டி இதைத் தவிர்ப்பதை நான் ஏற்கவில்லை. துப்பாக்கி போலத் தோன்றும் பொருள்களை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். காய்ந்த புதர்கள் சூழ்ந்த இடத்தில் தீயும் புகையும் கொண்ட காட்சிகளை எழுதாமலே விடுவது நல்லது. தாதாவியம் பழங்குடியினர் வாழ்ந்த நிலம் இது. 1972 முதல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் உள்ளது. பாறையில் சாயம் பூசுவதும் ஆணி அடிப்பதும் ஒரு காட்சிக்காகக்கூடச் செய்யத் தகாதவை.

பூங்கா பகலில் மட்டுமே திறந்திருப்பதால், விண்மீன்களுக்கு அடியில் நிகழும் கதைக்கு இது ஒத்துவராது. அத்தகைய கதை வைத்திருப்பவர்கள், கலிபோர்னியாவின் பாலைநிலத்தில், இரவில் கூடாரமிட்டுத் தங்கக்கூடிய டிரோனா பினக்கிள்ஸ் என்னும் இடத்தைப் பரிசீலிக்கலாம். வறண்ட ஏரிப்படுகையில் 500க்கும் மேற்பட்ட சுண்ணாம்புக் கூம்புகள் எழுந்து நிற்கும் அந்த இடத்துக்கு மண்சாலையில்தான் செல்ல வேண்டும். அங்கே படமெடுக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையை அணுக வேண்டும். ஒரே பகலில் எடுத்து முடித்து நகருக்குத் திரும்ப வேண்டிய குழுவுக்கு, என் தேர்வு வாஸ்குவெஸ்தான்.