கந்தப்பளைக் கரட்டும் அட்டன் பேரங்காடியும்

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரிலுள்ள ஒரு பேரங்காடிக் கிளையில் கடந்த எட்டு மாதங்களாக எங்கள் வீட்டு மாதச் சாமானில் பெரும்பகுதியை வாங்கி வருகிறேன். நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் நிறுவனம் அது; பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனெனில் இங்கே எழுதப்போகும் குறைகளில் பாதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் சந்தியில் என் தந்தை முப்பது வருடங்களுக்கு மேல் சில்லறைக் கடை நடத்தினார். தராசுக்குப் பின்னால் வளர்ந்தவள் என்பதால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் எடையையும் பிறகு விலையையும் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இம்முறை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் குடையை வாங்கி வைத்துவிட்டு ஓர் எண் வில்லையைக் கொடுக்கிறார்கள். மழை நாளில் தரை துடைக்க ஒருவர் நிற்கிறார்; வெளிச்சமும் சுத்தமும் குறை சொல்ல முடியாதவை. உள்ளே எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கள் கடையிலோ எல்லாம் தந்தையின் முதுகுப் பக்கம் இருந்தன. வாடிக்கையாளர் பலகைக்கு இப்பால் நின்று ‘கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம்’ என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பலகையை முதன்முதலில் அகற்றிய பெருமை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 இல் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்த கிளாரன்ஸ் சோண்டர்ஸைச் சேரும். தானே எடுத்துக்கொள்பவர் கேட்டு வாங்குபவரைவிட அதிகமாக வாங்குவார் என்பதை அந்தக் கடை காட்டிக்கொடுத்தது. 1937 இல் ஒக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தபோது அதைத் தொட ஆட்கள் கூசினார்களாம். கூலிக்கு ஆட்களை அமர்த்திக் கடைக்குள் தள்ளிக்கொண்டு திரிய வைத்த பிறகே மற்றவர்களும் எடுத்தார்கள். நம் பக்கத்துப் பெண்களில் சிலர் இன்றும் தள்ளுவண்டியை எடுப்பதில்லை. அது கூச்சம் என்று நான் முதலில் நினைத்தேன். என் அத்தை வேறு காரணம் சொன்னார்: “கூடை கனத்தா கை வலிக்கும், அதோட நிறுத்திக்கலாம். வண்டி எவ்வளவு போட்டாலும் வலிக்காதே.” வணிகவியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உலர்ந்த சாமான்களைப் பொறுத்தவரை இந்தக் கிளையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிறுவனம் தன் சொந்தப் பெயரில் பொதி செய்து விற்கும் மைசூர்ப் பருப்பு கல் இல்லாதது, சீராக வேகிறது, பக்கத்தில் இருக்கும் விளம்பரப் பெயர்களைவிட மலிவானது. கோதுமை மாவும் சலவைத் தூளும் அப்படியே. கடையின் சொந்தப் பெயரில் சரக்கு விற்பது இன்று உலகப் பேரங்காடிகளின் முதுகெலும்பு. ஜேர்மனியில் பிறந்த அல்டி, லிடில் ஆகிய இரண்டும் அலமாரியின் பெரும்பகுதியைச் சொந்தப் பெயர்ச் சரக்கால் நிரப்பி, வகைகளைக் குறைத்து, அட்டைப் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் அப்படியே அடுக்கி, அந்தச் சேமிப்பை விலையில் காட்டியே ஐரோப்பாவை வளைத்துக்கொண்டன. இங்கே விலை குறைந்த அளவு அங்கே போலில்லை என்றாலும் திசை அதுதான். சொந்தப் பெயரில் விற்கும் தேயிலைத் தூளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொழுந்து பறிக்கும் ஊருக்கு நடுவில், நிறமும் இல்லாத மணமும் இல்லாத ஒரு தூளைப் பளபளப்பான பொதியில் அடைத்து விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பிஸ்கட் வரிசையில் என் தந்தை நின்றுவிட்டார். வழக்கமாக வாங்கும் பொதியை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு, “இது குறைஞ்சிருக்கு” என்றார். பொதியின் நீள அகலமோ படமோ மாறவில்லை. பின்புறம் சிறிய எழுத்தில் இருந்த கிராம் கணக்கைப் பார்த்தேன். வீட்டில் குப்பைக்குப் போகாமல் கிடந்த பழைய உறையோடு பின்னர் ஒப்பிட்டபோது அவர் கை சொன்னது சரியாகவே இருந்தது. விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட காலத்தில் இங்கே நாம் அதைப் பழகிக்கொண்டோம்; அதே காலத்தில் மற்ற நாடுகளிலும் அது பரவியது. பிரான்சின் கார்ஃபூர் நிறுவனம் 2023 செப்டெம்பரில் அவ்வாறு சுருக்கப்பட்ட பண்டங்களுக்கு முன்னால் ‘இதன் அளவு குறைந்துள்ளது, விலை ஏறியுள்ளது’ என்ற பொருளில் அறிவிப்பு ஒட்டித் தன் வழங்குநர்களையே வெட்கப்பட வைத்தது. அட்டன் கிளையில் அப்படி ஒட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஆம் ஆண்டின் பணிப்புரையிலேயே கட்டாயமாக்கிய ஒன்றை, அதாவது ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லீற்றருக்கு என்ன விலை என்பதை, விலைச்சீட்டின் ஓரத்தில் போட்டால் போதும். 180 கிராம் பொதியையும் 230 கிராம் பொதியையும் மனக்கணக்கில் ஒப்பிட எல்லோருக்கும் என் தந்தையின் கை கிடையாது.

இந்தக் கிளையின் பலவீனமான இடம் மரக்கறிப் பகுதி. கந்தப்பளையிலும் இராகலையிலும் வெலிமடையிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் ஆகியவற்றைத்தான் கொழும்பும் யாழ்ப்பாணமும் சாப்பிடுகின்றன. அட்டனிலிருந்து கந்தப்பளை ஐம்பது அறுபது கிலோமீற்றர்தான். ஆனால் அலமாரியில் இருந்த கரட்டின் நுனி சுருங்கியிருந்தது. வெள்ளைத் தட்டில் நான்கு நான்காக வைத்து மெல்லிய தாளால் இறுக்கியிருந்ததில் உள்ளே வியர்த்து நீர்த்துளிகள் கோத்திருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது காம்பு வெட்டிய இடம் கறுத்திருந்தது. அங்கு நின்ற இளைஞரிடம் என் தந்தை, “தம்பி, இது எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார். “கொழும்புப் பக்கத்துக் களஞ்சியத்துல இருந்துதான் ஐயா. எல்லாக் கிளைக்கும் அங்கேதான் பிரிப்பாங்க” என்று அவர் மரியாதையாகவே பதில் சொன்னார். மலையில் பிடுங்கிய கரட் கீழே இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, தட்டில் ஏறி, குளிரூட்டிய லொறியில் மீண்டும் மலையேறி வந்திருக்கிறது. கதிர்காமத்துக்குப் போய் வந்தவர் கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டார்.

இதற்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மத்திய களஞ்சியத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து பிரிப்பது உலகெங்கும் பேரங்காடிகள் செலவைக் குறைத்த வழி. ஒரே தரம், ஒரே விலை, ஒரே கணக்கு. விவசாயியிடம் நேரே வாங்குவதிலும் நன்மை உண்டு. நம் நாட்டுப் பேரங்காடி நிறுவனமான கார்கில்ஸ் 1999 இல் ஹங்குராங்கெத்தையில் மரக்கறிச் சேகரிப்பு நிலையத்தைத் தொடங்கியபோது, இடைத்தரகரின் தராசுக்கும் அவர் சொல்லும் விலைக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த விவசாயிகளுக்கு இன்னொரு கதவு திறந்தது. சாக்கில் திணித்து நசுக்கி ஏற்றுவதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்றும் பழக்கத்தைப் பேரங்காடிகள் ஊன்றியதில் வீணாகும் மரக்கறியும் குறைந்தது. அந்த முறை கொழும்பு நுகர்வோருக்குப் பொருந்தும். விளையும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கிளைக்கு அதே முறையைப் பொருத்துவதுதான் எனக்கு விளங்கவில்லை. வெளிநாடுகளில் ‘உள்ளூர் விளைச்சல்’ என்று பலகை எழுதி அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகிறார்கள். இங்கே உள்ளூர் விளைச்சலை வெளியூர்ச் சரக்காக்கி விற்கிறார்கள். பஸ் நிலையத்தருகே சாக்கு விரித்து விற்கும் அம்மாவிடம் அன்று வாங்கிய லீக்ஸின் அடுக்குகளுக்குள் மண் இருந்தது. கழுவச் சற்று நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது வாடிக்கையாளர் அட்டை. பில் போடும் இடத்தில் முதலில் கேட்பது தொலைபேசி எண். எண் கொடுத்தவருக்கு ஒரு விலை, கொடுக்காதவருக்கு இன்னொரு விலை. அலமாரியிலேயே இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. பிரித்தானியாவின் டெஸ்கோ 1995 இல் வாடிக்கையாளர் அட்டையை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தியது இந்த வழக்கத்துக்குப் பெரிய முன்மாதிரி. அதற்கு முந்தைய பரீட்சார்த்த முடிவுகளைப் பார்த்த அதன் அன்றைய தலைவர் இயன் மெக்லோரின், தன் வாடிக்கையாளரைப் பற்றி முப்பது வருடங்களில் தான் அறிந்ததைவிட அந்தத் தரவை ஆராய்ந்தவர்கள் மூன்று மாதத்தில் அதிகம் அறிந்துவிட்டார்களே என்று அஞ்சினார் என்பது அத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி.

என் தந்தைக்கு அந்த அச்சம் வந்திருக்காது. அவரிடம் கடன் கொப்பி இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இந்த மாதம் பேர், அதாவது வேலை நாள், குறைந்து சம்பளம் மெலியும் என்பதெல்லாம் அந்த நீலக் கோடு போட்ட கொப்பியைப் புரட்டினாலே தெரியும். பேரங்காடியின் கணினிக்கும் இவையெல்லாம் தெரியலாம். வேறுபாடு அந்த அறிவைக் கொண்டு செய்வதில் இருக்கிறது. தந்தை கொப்பியைப் பார்த்துப் பத்தாம் திகதி வரை கடன் கொடுத்தார், சிலருக்குக் கொடுக்காமலும் விட்டார்; கணினி அட்டையைப் பார்த்து ஷாம்புவில் 40 ரூபாய் கழிக்கிறது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது; சம்பளம் வந்த கிழமையில் கையில் காசு இருக்கும், மாதத்தின் கடைசி வாரத்தில் இருக்காது. கடைசி வாரத்தில் இந்தக் கிளை வெறிச்சோடிக் கிடப்பதையும், அப்போது சந்திக் கடைகளில் ஆள் நிற்பதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கொப்பியை நான் புனிதமாக்கவில்லை. அதில் வட்டி விலைக்குள் ஒளிந்திருந்தது. கடன் இருப்பவர் வேறு கடைக்குப் போக முடியாது. எங்கள் வீட்டில் எழுதியது எல்லாம் சரியாகவே எழுதப்பட்டது என்று சத்தியம் செய்யவும் நான் ஆயத்தமில்லை. ரொக்கம் கொடுத்து, அச்சிட்ட பில்லை வாங்கிக்கொண்டு, யாருக்கும் கடமைப்படாமல் வெளியே வருவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது, அதை என் அத்தை முகத்தில் கண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் கதைதான் சிரிப்பு: அவருடைய கணக்கு மகனின் தொலைபேசி எண்ணில் இருப்பதால், ‘உங்களுக்கான விசேட கழிவு’ என்ற குறுஞ்செய்தி வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அந்தப் பையனுக்கே போகிறது. அட்டனில் தேங்காய் எண்ணெய் மலிவு என்பதை அவன்தான் தாய்க்கு அழைத்துச் சொல்ல வேண்டும்.

பில் போடும் இடத்தில் கவனம் தேவை. ஒருமுறை அலமாரியில் 690 ரூபாய் என்றிருந்த பொருள் பில்லில் 735 ஆக விழுந்தது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டியதும் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார்கள். படம் எடுக்காதவருக்கு என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கணினியில் விலை மாறிய பின்னரும் தாள் சீட்டை மாற்ற ஆள் இல்லாததுதான் காரணம் என்றார் மேற்பார்வையாளர். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அமெரிக்காவின் வோல்மார்ட் 2,300 கடைகளில் மின்னணு விலைச்சீட்டுகளைப் பொருத்தப்போவதாக 2024 இல் அறிவித்தது. அது வரும்வரை தாளையாவது நேரத்துக்கு மாற்றட்டும். பெயர்ப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பால்மா அடுக்கின் மேல் ‘பல்மா’ என்று எட்டு மாதங்களாகத் தொங்குகிறது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பற்பசை அடுத்த வரிசையில் இருப்பதால் குழப்பம் முழுமையடைகிறது.

காசாளர்களாக இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நம் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தமிழிலும் சிங்களத்திலும் தடையின்றிப் பேசுகிறார்கள், முதியவர் சில்லறையை எண்ணும்வரை காத்திருக்கிறார்கள். ஆளில்லாமல் தானே பில் போடும் இயந்திரங்கள் இங்கே வரவில்லை, வரவில்லையே என்று நான் வருந்தவும் இல்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் கடை நடத்தும் பூத்ஸ் நிறுவனம் 2023 இல் அவற்றைப் பெரும்பாலான கிளைகளிலிருந்து அகற்றிவிட்டது. நெதர்லாந்தின் யும்போ இன்னும் ஒரு படி போய், தனிமையில் வாடும் முதியவர்கள் நின்று பேசிவிட்டுப் போவதற்கென்றே 2019 இல் ‘அரட்டைக் கவுண்டர்’ ஒன்றைத் திறந்தது. எங்கள் வரிசையில் அது பலகை எழுதாமலே நடக்கிறது. பின்னால் நிற்பவர் மட்டும் சற்றுப் பொறுமையாக இருக்க வேண்டும்.

பைக்குத் தனிக் காசு. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்பது நாட்டின் விதி என்பதால் அதைக் கடையின் மேல் போட முடியாது. உரப்பையில் தைத்த தன் பழைய பையை என் தந்தை நீட்டியபோது, அதை நிரப்பிக் கொடுத்த பிள்ளை அவரை ‘தாத்தா’ என்று அழைத்தாள்.

ஆகவே அரிசி, பருப்பு, மா, சவர்க்காரம், பால்மா ஆகியவற்றுக்கு இங்கேயே போவேன், பில்லைச் சரிபார்த்துக்கொண்டு. மரக்கறிக்கு பஸ் நிலையத்தருகே உள்ள சாக்கு விரிப்பு. கருவாட்டுக்குப் பழைய கடைத் தெரு, ஏனெனில் அங்கே முகர்ந்து பார்க்க விடுகிறார்கள்; இங்கே அது உறைக்குள் மூச்சடைத்துக் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவை உண்டு என்று வாசலில் எழுதியிருப்பது நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. தோட்டத்துக்கு என்றால் முச்சக்கரவண்டிக் கூலி பில்லில் கால்வாசியைத் தின்றுவிடும். கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் ஏழரைக்குப் புறப்பட்டுவிடுகிறது.