விக்டோரியா சவரனா, வராகனா, கடைக் காசா: ஒரு பவுன் பணத்துக்கு எது தேறும்?

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். கையில் ஒரு பவுனுக்கான பணம் இருக்கிறது, நகையாக வாங்க விருப்பமில்லை, காசாக வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறான். மூன்று வழி இருக்கிறது என்றான். தெருவில் ஒரு பாட்டி காசு மாலையிலிருந்து கழற்றிய விக்டோரியா காசு ஒன்றை, அதாவது விக்டோரியா ராணி தலை போட்ட பிரிட்டிஷ் சவரனை, விற்கிறார், பவுன் விலைக்கு மேல் ஐந்தாயிரம் கேட்கிறார். நாணயக் கண்காட்சியில் பார்த்த, வராகன் என்கிற பழைய தென்னிந்தியத் தங்கக் காசு, ஒரு பவுனில் பாதி எடைகூட இல்லை, ஆனால் கேட்கிற விலை ஏறக்குறைய ஒரு பவுன் விலை. மூன்றாவது, நகைக்கடையில் உறை போட்டு விற்கிற புதுக் காசு. "எது அண்ணே நல்லது?" என்றான். போனில் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தப் பழைய தங்கக் காசின் விலையும் இரண்டு துண்டு. ஒன்று உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை, இன்னொன்று அதற்கு மேல் கேட்கிற பணம். முதல் துண்டை யார் வேண்டுமானாலும் உங்களுக்குத் திருப்பித் தருவார்கள், இரண்டாவது துண்டைத் தரும் ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. நான் காசு பார்ப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

சவரனில் முதல் துண்டைக் கணக்குப் போடுவது நமக்கு மாதிரி வேறு யாருக்கும் சுலபமில்லை, ஏனென்றால் நாம் பேசுகிற பவுனே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் சவரனின் எடை 7.988 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நம் ஊரில் ஒரு பவுன் என்பது 8 கிராம், 916 தங்கம் என்றால் சுத்தத் தங்கம் 7.33 கிராம். வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதனால் காலையில் பேப்பரில் வருகிற பவுன் விலைதான் தேயாத ஒரு சவரனின் தங்க விலை. கணக்குக்கு வசதியாகப் பவுன் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நல்ல சவரனில் 99,900 ரூபாய்க்குத் தங்கம் இருக்கிறது.

வராகனை இதோடு ஒப்பிடுங்கள். விஜயநகர வராகன் ஆனாலும் சரி, பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் ஆனாலும் சரி, எடை சுமார் 3.4 கிராம். தரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது, முழு 22 காரட் என்றே தாராளமாக எடுத்துக்கொண்டாலும் தங்க விலை 42,500 ரூபாய். தம்பியிடம் ஒரு லட்சம் கேட்டால், அதில் ஐம்பத்தேழாயிரத்துக்கும் அதிகமான பணம் தங்கத்துக்கு அல்ல, அது வராகன் என்பதற்காக. அது உண்மையிலேயே வராகனாக இருந்தால் அந்தப் பணம் நியாயமாகக்கூட இருக்கலாம், கிருஷ்ணதேவராயர் காலத்துக் காசு ஒன்றைக் கையில் வைத்திருப்பதற்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஆனால் உண்மையிலேயே என்ற அந்தச் சொல்லுக்குத்தான் ஐம்பத்தேழாயிரம்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. "தங்கம் சுத்தமாக இருக்கிறது, உரைத்துப் பார்த்தாயிற்று, அப்புறம் எப்படிப் போலி?" என்பார்கள். போலி வராகனும் தங்கத்தில்தான் செய்வார்கள். 42,000 ரூபாய்த் தங்கத்தை வைத்து ஒரு லட்ச ரூபாய்க் காசு வார்த்துவிட்டால் அவர்களுக்கு அதுவே போதும், பித்தளையில் செய்து மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் மூன்று தெய்வ உருவம் உள்ள வராகன் வாங்கினார். நகைக்கடை மெஷினில் தரம் சரியாகவே வந்தது. அப்புறம் நாங்கள் இருவரும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, உருவங்களுக்கு நடுவே உள்ள சமதளத்தில் ஊசி முனை மாதிரி சின்னச் சின்னக் குழிகள், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய கோடு. அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசில் அந்தக் குழிகள் வராது, வார்ப்பில் காற்றுக் குமிழி தங்கினால்தான் வரும். அவருக்குத் தங்கத்தின் பணம் திரும்பியது, மீதிப் பணம் போனது போனதுதான். வராகனில் காரட் மெஷின் உங்களைக் காப்பாற்றாது, கண்தான் காப்பாற்ற வேண்டும், அந்தக் கண் வருவதற்கு அருங்காட்சியகத்திலும் கண்காட்சியிலும் நல்ல காசுகளை நூறு முறை பார்த்திருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம்.

"புதையலில் கிடைத்தது, அதனால்தான் விலை குறைவு" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்வது உண்மை என்றால் உங்களுக்கு வம்பு, பொய் என்றால் காசு போலி.

சரி, சவரனுக்கு வருகிறேன், பாட்டியின் காசுதான் என் மனதில் நிற்கிறது. தம்பி அனுப்பிய படத்தில் முகத்திரை போட்ட வயதான விக்டோரியா தலை, பின்புறம் குதிரை மேல் புனித ஜார்ஜ் டிராகனைக் குத்துகிற படம், வருடம் 1900. அந்தத் தலை 1893இலிருந்து 1901 வரை வந்தது, அதனால் தலையும் வருடமும் ஒத்துப்போகின்றன. இதையே நிறைய பேர் சரிபார்ப்பதில்லை. இள வயது விக்டோரியா தலையைப் போட்டு 1895 என்று வருடம் இருந்தால் அது எந்த அரசாங்கமும் அடித்த காசு அல்ல, ஏதோ ஒரு பட்டறையில் மாலைக்காக அடித்தது. நம் காசு மாலைகளில் அப்படிப்பட்டவை உண்டு. தங்கம் இருக்கும், சவரன் அல்ல.

அடுத்தது எடை. இங்கிலாந்தில் சவரன் புழக்கத்தில் இருந்தபோது 122.5 கிரெய்னுக்கு, அதாவது 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்தால் அது செல்லாது. இன்றைக்கும் அது நல்ல அளவுகோல். 7.94க்கும் 7.99க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 7.85 என்றால் ஒன்று மாலையில் உரசி மிகவும் தேய்ந்தது, இல்லையென்றால் யாரோ சுரண்டியது, அதுவும் இல்லையென்றால் போலி. எட்டு கிராமைத் தாண்டினாலும் சந்தேகப்படுங்கள், வளையம் பற்றவைத்த பொடி, அதாவது ஒட்டுவதற்கு உருக்கிய உலோகம், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பொடியின் தரம் காசின் தரம் அல்ல. குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். இதை அளக்க வெர்னியர் என்கிற நுண்ணிய அளவுகோல் ஒன்று போதும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. தம்பிக்கு வீடியோ காலில் செய்து காட்டினேன், என்னிடம் இருக்கிற 1912 ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சவரனை வைத்து. 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கினேன். காசைத் தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டேன். கை நடுங்கினால் எண் ஆடும், முழங்கையை மேடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். காசின் மேல் ஒட்டியிருந்த ஒரு காற்றுக் குமிழியை ஈர்க்குச்சியால் தட்டிவிட்டேன். தராசு 0.45 என்று நின்றது. 7.98ஐ 0.45ஆல் வகுத்தால் 17.7. செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.6 அளவில் வரும், ஆக சரி. அதே எடையில் 18 காரட் என்றால் 0.53 பக்கம் போயிருக்கும். உரைகல் மேல்தோலைத்தான் சொல்லும், காரட் மெஷினும் அப்படித்தான், தண்ணீர் முழுக் காசையும் சேர்த்துச் சொல்கிறது. தங்கத்தைப் போலவே கனமான டங்ஸ்டன் உலோகத்தை உள்ளே வைத்த போலியில் அடர்த்தியை ஏமாற்ற முடியும் என்பது உண்மை, அதனால்தான் எடை, அளவு, அச்சின் கூர்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பாட்டி கூடுதலாகக் கேட்கும் ஐந்தாயிரம்? அதை நான் கொடுக்க மாட்டேன். படத்தில் காசின் மேல் விளிம்பில், விக்டோரியாவின் தலைக்கு நேர் மேலே, பற்றவைத்த தழும்பு தெளிவாகத் தெரிகிறது, அந்த இடத்தில் விளிம்பின் வரிகளும் மழுங்கியிருக்கின்றன. தழும்பு விழுந்த காசைச் சேகரிப்பவர்கள் தங்க விலைக்குத்தான் எடுப்பார்கள். போதாக்குறைக்கு 1900 சாதாரண வருடம். லண்டனிலும் ஆஸ்திரேலியாவின் மூன்று நாணயச் சாலைகளிலும் லட்சக்கணக்கில் அடித்தது. 1819, 1917 லண்டன் மாதிரி வருடங்கள் வேறு விஷயம், அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் எவ்வளவும் கொடுப்பார்கள், அதனாலேயே அந்த வருடம் போட்ட காசைப் பார்த்தால் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும்.

ஐந்தாயிரம், பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க மனம் இருந்தால் எனக்குப் பிடித்தது 1918 பம்பாய்க் காசு. முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் அரசின் நாணயச் சாலையான ராயல் மின்ட்டின் கிளை ஒன்று பம்பாயில் திறந்து ஒரு வருடத்துக்குள் மூடினார்கள், அங்கே அடித்த சவரனில் வருடத்துக்கு மேலே தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும். அதே 1918இல் 15 ரூபாய் மோகர் என்று இன்னொன்றும் பம்பாயில் வந்தது, எடையும் தரமும் அப்படியே சவரன்தான், ஏனென்றால் அப்போது ஒரு சவரனுக்கு 15 ரூபாய். மோகருக்குச் சவரனைவிட நன்றாகவே கூடுதல் விலை சொல்வார்கள், நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிற காசு, மறுபடி விற்கும்போதும் ஆள் இருக்கிறார்கள். கூடுதல் பணம் திரும்பி வர வாய்ப்புள்ள இடம் இதுதான், தழும்பு இல்லாமல் இருந்தால்.

கடைக் காசு பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. போலி என்ற பயம் இல்லை, பில் இருக்கிறது. ஆனால் ஒரு லட்சத்துக்கு 3 சதவீத ஜிஎஸ்டி மூவாயிரம், அதோடு செய்கூலி, இரண்டும் கடை வாசலைத் தாண்டும்போதே போய்விடும். வங்கியில் வாங்கினால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது, விற்க நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். லென்ஸ், தராசு, வெர்னியர் எதையும் தொட விருப்பமில்லாதவர்கள் இந்த மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை. தம்பி அப்படிப்பட்டவன் அல்ல, வெர்னியர் எங்கே கிடைக்கும் என்று அன்றே கேட்டான்.

இன்னொன்று, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்து அனுப்பலாமா என்றும் கேட்டான். கூடாது. 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு பழம்பொருள், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1900 சவரனுக்கும் அது பொருந்தும், வராகனுக்குச் சொல்லவே வேண்டாம். பழம்பொருள் விற்கிற வியாபாரிக்கு உரிமமும் வேண்டும், வராகன் வாங்குகிறவர்கள் பில்லோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இதுதான். பாட்டியின் காசை அவர் முன்னாலேயே எடை போடு, தண்ணீரிலும் பார், இரண்டும் சரி என்றால் எடைக்கு உரிய பவுன் விலையை முழுதாகக் கொடு. கடையில் அவருக்குக் கழிவு போக அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், உனக்கு ஜிஎஸ்டியும் செய்கூலியும் மிச்சம், இருவருக்குமே நஷ்டமில்லை. கொடுத்ததற்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். வராகனை இப்போது விடு.

நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தான். தராசில் 7.96, தண்ணீரில் 0.45. பாட்டி ஐந்தாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டார், மாலையில் இன்னும் மூன்று காசு இருக்கிறது, அதையும் இப்படியே எடை போட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டாராம்.