ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கட்டணமின்றிச் செய்யப்படும் இப்பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, அதன் கணையத்தைக் கூடுதலாக இன்சுலின் சுரக்கவைப்பதால் குழந்தையின் எடை 4 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதையும், அப்படியானால் பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதையும் செவிலியர் என் மனைவிக்குப் பொறுமையாக விளக்கினார். 'கொழுகொழு குழந்தை' என்று பூரிக்கும் மாமியார்களையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும் கூடுதல் எடையும் குழந்தை இப்படிப் பருப்பதற்குக் காரணமாகலாம் என்பதைத்தான் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். காத்திருக்கும் தாழ்வாரத்தில் மின்விசிறி இல்லை. தித்திப்பு நீரைக் குடித்துக் குமட்டலோடு இருப்பவர்களுக்கு இருந்த ஒரே பெஞ்சு போதவில்லை.