காசிமேட்டுக் கயிற்றுக் கடைகள்: பாய்ப்படகுக்கு எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கயிற்றுக் கடைகள் விசைப்படகுகளையும் ஃபைபர் படகுகளையும் நம்பி நடப்பவை. பாய்ப்படகுக்காரர்கள் அங்கே போவது குறைவு. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சந்தை இது. நங்கூரக் கயிறு, படகைக் கட்டும் கயிறு, இழுவைக் கயிறு மூன்றையும் இங்கேயே வாங்கலாம். பாயை மேலே ஏற்றும் ஹேலியார்டும், பாயை இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கும் ஷீட்டும் மட்டும் இங்கே வேண்டாம்.

காரணம், இங்கே பெரும்பாலும் கிடைப்பது பிபி (பாலிபுரொப்பிலீன்), நைலான் இரண்டும்தான். நைலான் ரப்பர் மாதிரி இழுபடும். நங்கூரத்துக்கு அது வரம்: அலை தூக்கிப் போடும்போது வரும் திடீர் இழுப்பை அதுவே வாங்கிக்கொள்ளும். அதே நைலானை ஹேலியார்டில் போட்டால், காற்று ஏறும் நேரத்தில் கயிறு நீண்டு பாயின் முன்விளிம்பு தளர்ந்துவிடும். பாய் தட்டையாக நிற்க வேண்டிய நேரத்தில் பை போல உப்பும். படகு காற்றுக்கு எதிரே ஏறாது. பிபி கையை அறுக்கும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் க்ளீட்டில் வழுக்கும், உரசலில் சூடேறினால் இளகும். ஒருவர் ஓட்டும் லேசர் பாய்ப்படகில் பாயின் ஷீட்டான மெயின்ஷீட்டுக்குத் தேவை 7 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர், சுமார் 13 மீட்டர். அதைப் பாய்ப்படகுச் சாமான் விற்பவர்களிடம் வரவழைத்துக்கொள்வதே சரி.

விலை கிலோ கணக்கு. அதனால் எடை தெரிந்து போவது நல்லது. மூன்று பிரி நைலான் 10 மி.மீ. என்றால் 100 மீட்டர் சுமார் 6 கிலோவுக்குச் சற்று மேல்; 30 மீட்டர் கேட்டால் 2 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். அதே தடிமன் பிபி 100 மீட்டர் 4.5 கிலோ. தராசில் கணக்கு ரொம்பத் தள்ளிப்போனால் தடிமனோ சரக்கோ சொன்னது இல்லை.

சந்தேகம் இருந்தால் அரை அடித் துண்டு வெட்டித் தரச் சொல்லி, தண்ணீர் வாளிக்குள் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மேலே வந்தால் பிபி, அடியில் போய்ப் படுத்தால் நைலான் அல்லது பாலியெஸ்டர். நங்கூரத்துக்கு மிதக்கும் கயிறு ஆகாது. அடுத்த படகின் புரொப்பெல்லரில் போய்ச் சுற்றும். பிள்ளைகள் ஓட்டும் சிறு பாய்ப்படகான ஆப்டிமிஸ்டில் முன்னால் கட்டும் இழுவைக் கயிறான பெயின்டருக்கோ மிதப்பதுதான் விதி: ஒரே துண்டாக, 5 மி.மீ.க்குக் குறையாமல், குறைந்தது 8 மீட்டர். 6 மி.மீ. பிபியில் அந்த 8 மீட்டர் 150 கிராம்கூட வராது. பிள்ளைகளின் படகுகளுக்கு இதைவிடச் சிக்கனமாக எங்கும் முடியாது. பிபி வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தால் வெயிலில் கிடந்த சரக்கு, வேண்டாம்.

கயிற்று நுனியை வளையமாக மடக்கிக் கண் பின்னித் தரும் கைகள்தான் இந்தக் கடைகளின் உண்மையான சொத்து. முடிச்சு போட்டால் கயிற்றின் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். நன்றாகப் பின்னிய கண்ணில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். பிரிகளைப் பிரித்து, நுனியை நெருப்பில் காட்டி, முறுக்குக்கு எதிராக ஒன்று விட்டு ஒன்று நுழைத்து இழுக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சொல்லாவிட்டால் மூன்று நுழைப்போடு நிறுத்திவிடுவார்கள். தேங்காய் நார்க் கயிற்றுக்கு அது போதும். நைலான் வழுக்கும் சரக்கு, ஐந்து வேண்டும். கண்ணுக்குள் உட்காரும் வளையமான திம்பிளை முதலிலேயே வைத்து இறுக்கப் பின்னச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் கயிறு இழுபடும்போது திம்பிள் நழுவி விழுந்து, சங்கிலி நேராகக் கயிற்றையே அறுக்கும்.

கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் ஷாக்கிள் விஷயத்தில் கவனம் தேவை. வெள்ளி போல் பளபளப்பது மெல்லிய பூச்சு, உப்புத் தண்ணீரில் வெகு சீக்கிரம் துரு பிடிக்கும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பதுதான் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கேட்டால் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். அந்தச் சோதனை 304 ரகத்தையும், உப்புத் தண்ணீரை அதைவிடத் தாங்கும் 316 ரகத்தையும் பிரித்துக் காட்டாது. 316 என்று உடம்பில் பொறித்திருந்தால் எடுங்கள், இல்லையென்றால் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் ஷாக்கிளின் குறுக்கு ஆணியைக் கம்பியால் கட்டாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பழுது வேலை அப்போதுதான் மும்முரம் என்பதால், சில மீட்டர் கேட்பவருக்கு நின்று பதில் சொல்ல ஆள் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கட்டுக் கயிறு மாற்றுபவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம். கூடவே ஒரு அடி பழைய ரப்பர் ஹோஸும் கேட்டு வாங்கி, கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் செருகிவிடுங்கள்.