ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட்டும் ஜி.பி.எஸ் ஆன்டெனாவும்: இரண்டு கோடை ஓடிய பிறகு

காருக்கு ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட், அதாவது ஸ்டீரியோ இடத்தில் மாட்டும் டச் ஸ்கிரீன் செட், வாங்கப் போகிறவர்கள் கேட்பது ஸ்கிரீன் எத்தனை அங்குலம், ரேம் எத்தனை ஜி.பி., எந்த ஆண்ட்ராய்டு என்பதைத்தான். அதே பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருக்கும் தீப்பெட்டி அளவு கறுப்பு ஆன்டெனாவை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நாள்பட ஓட்டும்போது மேப் ஒழுங்காக வருகிறதா என்பதை முடிவு செய்வது அந்த ஆன்டெனா ஒட்டிய இடம். செட் ஒழுங்காக இருக்கிறதா என்பதை முடிவு செய்வது எர்த் வயர் போன இடம். ஸ்கிரீனெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கே பேசுவது 180 × 100 மி.மீ. டபுள் டின் ஸ்டீரியோவோடு வந்த பழைய மாருதி, ஹூண்டாய் ஹேட்ச்பேக் கார்களில், அதைக் கழற்றிவிட்டு ஃபிரேமோடு மாட்டும் 9 அங்குல ஆண்ட்ராய்டு செட் பற்றி. சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் தொங்குவதில் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

முதலில் ஆன்டெனா. ஜி.பி.எஸ் சிக்னல் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. தரையைத் தொடும்போது அதன் வலிமை மைனஸ் 130 டி.பி.எம். அளவுதான், அதாவது மிகமிகப் பலவீனம். சாதாரணக் கண்ணாடியும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு குறுக்கே வந்தால் போச்சு. அவசரத்தில் மாட்டும் ஃபிட்டர் செய்வது என்னவென்றால், செட்டின் முதுகு மேலேயே ஆன்டெனாவை வைத்து உள்ளே தள்ளி மூடிவிடுவது. செட்டின் உடம்பு தகரம், அதற்கு மேலே டேஷ்போர்டைத் தாங்கும் குறுக்கு இரும்புக் குழாய் போகிறது, பற்றாததற்கு செட்டின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே பக்கத்திலிருந்து இரைச்சல் கொடுக்கிறது. கடை வாசலில் திறந்த வானத்துக்குக் கீழே நின்றால் அப்படியும் லொகேஷன் வந்துவிடும். கஸ்டமர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். மரம் அடர்ந்த தெருவிலும், உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும்தான் அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்குத் தாவும்.

சரியான இடங்கள் இரண்டு. ஒன்று, டேஷ்போர்டின் மேல், கண்ணாடி சேரும் இடத்தில், இடது மூலை. சிக்னல் அருமையாக இருக்கும். வெயிலும் நேராக அங்கேதான் விழும். இரண்டு, மீட்டர் கன்சோலின் மேல்மூடிக்கு அடியில், பிளாஸ்டிக்குக்குக் கீழே, இரும்புக் குழாய்க்கு மேலே. வெளியே தெரியாது, சூடு கொஞ்சம் குறைவு, சிக்னலில் பெரிய வித்தியாசம் இல்லை. நீண்ட நாளைக்கு இரண்டாவதுதான் நிற்கிறது. பயணி பக்க ஏர்பேக் மூடியின் மேலோ அதன் விளிம்பிலோ ஒட்டவே கூடாது. பை விரிந்தால் அது முகத்துக்கு வரும். ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத்துத் தூண்) வழியாகக் கேபிள் எடுத்தால், பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அந்தப் பைக்குப் பின்னால்தான் போக வேண்டும், குறுக்கே அல்ல.

ஆன்டெனாவின் உள்ளே 25 × 25 மி.மீ. பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது. அது வானத்தைப் பார்க்க வேண்டும். காந்தம் உள்ள பக்கம் கீழே. அடியில் 70 × 70 மி.மீ. அளவில் ஒரு இரும்புத் தகடு வைத்து, அதன் மேல் ஆன்டெனாவை உட்கார வைத்தால் சிக்னல் கண்கூடாக ஏறும். பட்டைக்குத் தேவையான அடித்தளம் அந்தத் தகடுதான், கீழிருந்து பட்டுத் திரும்பி வரும் சிக்னலையும் அது தடுக்கும். அலுமினியமும் உதவும், காந்தம்தான் பிடிக்காது.

கோடையில் கெடுவது டேப். மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டு மேல்புறம் 70 டிகிரி வரை போகும். பெட்டியோடு வரும் ஃபோம் டேப் அதில் இளகி, ஆன்டெனா நழுவிக் கவிழ்ந்து கிடக்கும். முழுக்க வேலை செய்யாமல் போனால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். கவிழ்ந்த ஆன்டெனா அரைகுறையாக வேலை செய்யும், அதுதான் தொல்லை. அக்ரிலிக் ஃபோம் டேப் வாங்கி, ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். டேஷ்போர்டு பாலிஷ் போட்ட இடத்தில் துடைக்காமல் எந்த டேப்பும் நிற்காது, அதில் சிலிக்கோன் இருக்கிறது.

கேபிள் வழக்கமாக 3 மீட்டர் வரும். மிச்சத்தை இறுக்கமாகச் சுருட்டி டை போடாமல், கை அகல வளையமாக விட்டால் போதும். மீட்டருக்கு ஏறக்குறைய 1 டி.பி. இழப்பு இருந்தாலும், ஆன்டெனாவுக்குள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் 28 டி.பி. அளவுக்குத் தூக்கிக் கொடுப்பதால் நீளம் பிரச்சினை இல்லை. அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. எனவே ஒரு சேட்டிலைட்கூடத் தெரியவில்லை என்றால் செட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஆன்டெனா கேபிளைத் திருகும் செட்டின் எஸ்.எம்.ஏ. சாக்கெட்டில் நடுப்பின்னுக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 3 முதல் 5 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தால் கோளாறு ஆன்டெனாவில், சில நூறு ரூபாயோடு முடிந்தது. இல்லையென்றால் செட் போர்டில். மீட்டர் முனை இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் கவனம். அந்த சாக்கெட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கவும் கூடாது. உள்ளே சோல்டர் விட்டுப்போகும். கை இறுக்கம் போதும். சில கார்களில் கம்பெனியே கொடுத்த ஜி.பி.எஸ் ஆன்டெனாவின் முனையில் நீல நிற ஃபக்ரா கனெக்டர் இருக்கும், எஸ்.எம்.ஏ. அடாப்டர் போட்டு அதையே பயன்படுத்தலாம்.

சோதிப்பதற்கு ‘ஜி.பி.எஸ் டெஸ்ட்’ மாதிரி ஒரு ஆப் போதும். எத்தனை சேட்டிலைட் தெரிகிறது என்பதைவிட, ஒவ்வொன்றின் கம்பிக்கும் கீழே இருக்கும் சிக்னல் வலிமை எண்ணைப் பாருங்கள். திறந்த வெளியில் 35-லிருந்து 45 வரை நாலைந்து கம்பியாவது நிற்க வேண்டும். எல்லாமே 25-க்குக் கீழே என்றால் இடம் தப்பு. இதை மாட்டிய அன்றைக்கே, டேஷ்போர்டு மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். புதுச் செட் முதல் தடவை லொகேஷன் எடுக்க நேரமாகும். ஒவ்வொரு சேட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. எல்லாச் சேட்டிலைட்டுகளின் பட்டியல் முழுசாக வர 12.5 நிமிஷம். செல்போன் இதை நெட் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வதால் சட்டென்று காட்டும். சிம் போடாத செட் வானத்தையே நம்பியிருக்கிறது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மாட்டிவிட்டு “வரலையே” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. வெளியே நிறுத்தி ஒரு கால் மணி நேரம் விடுங்கள்.

சோதிக்கும்போதே டேஷ்கேம் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். மலிவான டேஷ்கேமும் 12 வோல்ட் சார்ஜரும் விடும் இரைச்சல் ஜி.பி.எஸ் அலைவரிசை மேலேயே விழுவதுண்டு. பிடுங்கினதும் எண்கள் 5, 10 ஏறினால் ஆள் அதுதான். ஆன்டெனாவை எதிர் மூலைக்கு மாற்றுங்கள். இரண்டு கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

“நான் போன் மேப்தானே பார்க்கிறேன், செட் ஆன்டெனா எதற்கு” என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இரண்டிலும் செட் தன் ஜி.பி.எஸ் தகவலைக் கொடுத்தால், போன் தன்னுடையதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். கையில் இருக்கும்போது துல்லியமாகக் காட்டும் போன், காரில் இணைத்ததும் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில் போனை மாற்றிப் பயனில்லை.

நல்ல ஆன்டெனாவாலும் ஆகாத இடங்கள் உண்டு. கத்திப்பாராவில் எந்த அடுக்கில் போகிறோம் என்பதோ, மேம்பாலத்தின் மேலா கீழா என்பதோ இந்தச் செட்டுகளுக்குப் பிடிபடாது. கார் கம்பெனி நேவிகேஷனில் சக்கர வேகமும், கார் திரும்புவதை உணரும் கைரோவும் சேர்ந்து கணக்குப் போடும். வெளியில் வாங்கும் செட்டில் பெரும்பாலும் அது இல்லை. சர்வீஸ் ரோட்டையும் மெயின் ரோட்டையும் குழப்பிக்கொள்வது அதனால்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறையின் 40-லும் ஜி.பி.எஸ் கிடைக்கும், நெட்தான் போய்விடும். ஆஃப்லைன் மேப்பை மலை ஏறுவதற்கு முன்பே இறக்கி, காலாவதி ஆகவில்லையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் ‘நாவிக்’ (ஜி.பி.எஸ் மாதிரி இந்தியாவின் சொந்த சேட்டிலைட் அமைப்பு) என்று ஸ்டிக்கர் இருந்தால் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். நாவிக்கின் எல்5 அலைவரிசை 1176.45 மெகாஹெர்ட்ஸ், 1575-க்குச் செய்த சாதாரணப் பட்டை ஆன்டெனா அதை எடுக்காது. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்-01 சேட்டிலைட் முதல்தான் ஜி.பி.எஸ்ஸின் அதே 1575 மெகாஹெர்ட்ஸில் எல்1 சிக்னலும் வருகிறது. ஆப்பில் நாவிக் என்ற பெயரிலேயே கம்பி தெரிந்தால் நம்பலாம்.

இனி வயர். காரின் கப்ளரை வெட்டாமல், அந்த மாடலுக்கான அடாப்டர் கப்ளர் வாங்கி மாட்டுவதே நல்லது. வேலை ஆரம்பிக்கும் முன் 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் 12 வோல்ட், கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனா அல்லது ஆம்ப்ளிஃபையருக்கு, ஆரஞ்சு லைட். ஸ்பீக்கருக்கு வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். ஸ்பீக்கர் நெகட்டிவை எர்த்தில் சேர்த்தால் ஆம்ப் ஐ.சி. போய்விடும். ஃபோக்ஸ்வாகன் வகைக் கார்களில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி இருக்கும். அப்படியே மாட்டினால் ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எர்த்தை டேஷ்போர்டு பிராக்கெட்டின் பெயின்ட் மேல் போல்ட் போட்டு முடிப்பது இன்னொரு பழக்கம். பெயின்ட் சுரண்டிய பாடி உலோகத்தில்தான் போட வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம், ரிவர்ஸ் கேமராவில் ஓடும் கோடுகள், ஸ்டார்ட் செய்யும்போது செட் ரீபூட் ஆவது என்று வரிசையாக வரும். ரிவர்ஸ் கேமரா கறுப்பாகவோ இரண்டாகப் பிரிந்தோ தெரிந்தால் வயரைத் தொடாதீர்கள், செட்டிங்கில் கேமரா வீடியோ வகையான ஏ.ஹெச்.டி., சி.வி.பி.எஸ். தேர்வை மாற்றிப் பாருங்கள். ஸ்டீயரிங் பட்டன்களுக்கு இந்த ரகக் கார்களில் கீ1, கீ2, எர்த் வயர்கள் போதும். செட்டே ஒவ்வொரு பட்டனையும் கற்றுக்கொள்ளும். புது மாடல்களில் காரின் டேட்டா வயரோடு பேசும் கேன்பஸ் பெட்டி தேவை.

பேட்டரி இறங்குகிறது என்ற புகாரை அளந்து பார்த்துவிட்டே பேச வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அதன் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே என்றால் சரி. 300 என்றால் நாளுக்கு 7.2 ஆம்பியர் அவர்; 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. உடனே பூட் ஆகட்டும் என்று செட்டை ஸ்லீப் மோடில் வைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். சாவி எடுத்ததும் முழுக்க அணையும்படி மாற்றினால், காலையில் அரை நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். தினமும் ஓட்டாத காருக்கு அதுவே மேல்.

ஸ்பெக்கில் பொய் சகஜம். ‘ஆண்ட்ராய்டு 13’ என்று செட்டிங் பக்கத்தில் எழுதியிருக்கும். ஹார்டுவேர் விவரம் காட்டும் ஆப்பில் ஏ.பி.ஐ. (ஆண்ட்ராய்டின் உள் பதிப்பு எண்) 29 என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டு 10. வாங்குவதற்கு முன் கடையிலேயே பார்க்கலாம். ‘4 × 50 வாட்ஸ்’ என்றாலும் உள்ளே இருக்கும் டி.டி.ஏ. 7388 போன்ற ஐ.சி. தரும் சுத்தமான சத்தம் சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். 2 ஜி.பி. ரேம் செட் ஒரு வருஷத்துக்குள் மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓட மூச்சு வாங்கும், 4 ஜி.பி.க்குக் கீழே வாங்காதீர்கள். மத்தியான வெயிலில் சிப் சூடேறி வேகம் குறைவது எல்லா ரகத்திலும் உண்டு. பின்னால் ஃபேன் உள்ள மாடலில் குறைவு, ஆனால் அந்த ஃபேன் தூசி பிடித்து முதலில் சத்தம் போடும் உறுப்பாகிவிடும்.

தேதி திடீரென்று இருபது வருஷம் பின்னால் போனால் வைரஸ் இல்லை. ஜி.பி.எஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். 2022 ஜனவரியில் பல பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் 2002-க்குப் போனதும் இப்படி ஒரு கணக்குக் கோளாறுதான். செட்டில் நேரத்தை ஜி.பி.எஸ்ஸிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டு நெட்டிலிருந்து எடுக்கச் சொன்னால் முடிந்தது.

முன் கண்ணாடி மாற்றும்போதோ ஏ.சி. கூலிங் காயில் கழுவ டேஷ்போர்டைக் கழற்றும்போதோ ஆன்டெனா கேபிள் இழுபட்டு, திரும்ப எங்கேயோ செருகப்படும். கேபிளின் இரண்டு முனையிலும் ‘ஜி.பி.எஸ்’ என்று ஒரு லேபிள் ஒட்டி, ஆன்டெனா இருக்கும் இடத்தை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கார் திரும்பி வந்த அன்றே அந்த ஆப்பைத் திறந்து எண்களைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக் காசு கொடுங்கள்.