‘எங்கள் கடையில் மட்டும்’ என்று விற்கப்பட்ட ரெப்டைல்: முன்பதிவுக்கு முன் படியுங்கள்

அமெரிக்கா முழுவதும் கிளைகள் கொண்ட ஒரு பெரிய கடை, தன்னிடம் மட்டுமே கிடைக்கும் என்று விளம்பரம் செய்த மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ விளையாட்டில் வரும் ரெப்டைலின் ஆக்‌ஷன் ஃபிகரை, அதாவது கை கால்களை அசைக்கக்கூடிய பொம்மையை, நான்கு மாதங்களுக்கு முன்பே முழுப் பணமும் கட்டி வாங்கினேன். வரியும் அனுப்பும் செலவும் சேர்த்து 41 டாலர் ஆயிற்று. அதே வரிசையில் அடுத்த பொம்மைக்கு இப்போது முன்பதிவு தொடங்கியிருப்பதால், எனக்கு நேர்ந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

ரெப்டைல் எனக்கு வெறும் அலமாரிப் பொம்மை அல்ல. 1992இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு விளையாட்டுக்கூடங்களுக்கு வந்த முதல் மார்ட்டல் காம்பாட்டில் அவன் ஒளிந்திருந்தான். ‘பிட்’ எனப்படும் பாலத்துக் களத்தில், பின்னணியில் நிலவின் குறுக்கே நிழலுருவம் ஒன்று பறக்கும் ஆட்டத்தில், தடுப்புப் பொத்தானைத் தொடாமல், இரண்டு சுற்றிலும் ஓர் அடிகூட வாங்காமல் வென்று, ‘ஃபேட்டாலிட்டி’ எனப்படும் கொலையடியோடு முடித்தால்தான் அவனோடு மோத முடியும். என் அண்ணன் ஒரே ஒருமுறை அவனை வரவழைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தப் பழைய தோற்றத்தில் ஒரு பொம்மை வருகிறது என்று அறிந்த அன்றே பணம் கட்டிவிட்டேன்.

முன்பு வந்த பொம்மைக்கே வேறு வர்ணம் பூசி விற்கிறார்கள் என்பது என் குறை அல்ல. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டிலேயே ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ, ரெப்டைல் என்ற மூன்று வீரர்களும் டேனியல் பெசினா என்ற ஒரே நடிகரை ஒரே உடையில் படம்பிடித்து, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் மாற்றி உருவாக்கப்பட்டவர்கள்தான். ஆகவே சப்-ஜீரோவின் உடலையே ரெப்டைலுக்கும் பயன்படுத்துவது மூலத்துக்குப் பொருத்தமானது என்றுகூட நினைக்கிறேன். ஆனால் கடையின் விற்பனைப் பக்கத்தில், முகமூடி கழன்ற பல்லித் தலை ஒன்றும், வாயில் பொருத்தக்கூடிய ஒளி ஊடுருவும் பச்சை அமிலத் துண்டு ஒன்றும் கூடுதலாக இருக்கும் என்று படத்தோடு காட்டியிருந்தார்கள். சாதாரணப் பதிப்பைவிட 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தது அந்த இரண்டுக்காகத்தான்.

பெட்டியைப் பிரித்தபோது இரண்டுமே இல்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டில் உருண்டையான ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. எதையோ வைக்க மறந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, என்னிடம் ஏற்கெனவே இருந்த சப்-ஜீரோ பொம்மையோடு வந்த பனி உருண்டையை அதில் வைத்துப் பார்த்தேன். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. பழைய தட்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். புதிய துண்டுகளுக்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை.

வர்ணத்தின் நிலை அதைவிட மோசம். நீல பிளாஸ்டிக்கில் வார்த்த உடலின் மீது மெல்லிய பச்சைப் பூச்சு ஒன்றை அடித்திருக்கிறார்கள். தோளை ஒரே ஒருமுறை சுழற்றியதும் மேலாடையின் விளிம்பில் பச்சை உரிந்து, அடியிலிருந்த நீலம் நகக்கீறல்போலத் தெரிந்தது. முழங்கால்கள் இரண்டும் வர்ணத்தாலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி இறுகிய மூட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது என்பது சேகரிப்பாளர்கள் அனைவரும் அறிந்ததே. நானும் வெந்நீரில் சற்று நேரம் வைத்து, பிளாஸ்டிக் இளகிய பிறகே மெதுவாக மடக்கினேன். இடது கால் விடுபட்டது. வலது காலிலோ மூட்டைத் தாங்கும் ஊசி முறுக்கிக்கொண்டு, என் கண்ணெதிரே பச்சை வெளுத்து வெள்ளைக் கோடாகி, இரண்டாக ஒடிந்தது.

கடையைத் தொடர்புகொண்டேன். சரக்கு தீர்ந்துவிட்டதால் மாற்றித் தர இயலாது என்றும், சேகரிப்புப் பொருள்களின் பெட்டியைத் திறந்தபின் திரும்பப் பெறுவதில்லை என்றும் பதில் வந்தது. பெட்டியைத் திறக்காமல் உள்ளே தலை இருக்கிறதா என்று நான் எப்படி அறிவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தயாரிப்பாளருக்குப் படங்களுடன் எழுதினேன். இது அந்தக் கடைக்கென்றே செய்த பொருள், ஆகவே கடையிடமே கேளுங்கள் என்றார்கள். ‘எங்களிடம் மட்டும்’ என்ற சொல்லுக்கு வாங்குபவர் தரப்பில் என்ன பொருள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு எந்தக் கடையிலும் மாற்றுப் பொருள் கிடைக்காது. உடைந்தால் அதற்குப் பொறுப்பேற்கவும் எவரும் இல்லை.

கடைசியாக, கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டேன். அமெரிக்கச் சட்டப்படி, பிரச்சினைக்குரிய கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பணத்தை முன்பதிவு நாளிலேயே எடுத்துக்கொண்டதால், பொம்மை என் வாசலுக்கு வருவதற்குள்ளாகவே அந்தக் கெடு முடிந்துபோயிருந்தது. இதை நான் அறிந்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போல் அறியாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பொருளை அனுப்பும் நாளில் மட்டுமே பணம் எடுக்கும் இடத்தில் முன்பதிவு செய்யுங்கள். பணம் கட்டிய அன்றே விற்பனைப் பக்கத்தின் படங்களையும், அவற்றின் கீழே ‘இறுதிப் பொருள் மாறுபடலாம்’ என்று பொடி எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்பதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும், ஒட்டுநாடாவை வெட்டுவதற்கு முன்பே முன்பக்கக் கண்ணாடித் தாள் வழியாகத் தெரியும் துண்டுகளையாவது எண்ணிப் பாருங்கள். வெட்டுவதையும் காணொளியாக எடுங்கள். இந்த வரிசையில் பெட்டி எதிலும், மொத்தம் எத்தனையில் எத்தனையாவது என்று காட்டும் எண் அச்சிடப்படவில்லை. ஆகவே ஒரே கடையில் விற்கிறார்கள் என்பதை வைத்து, குறைந்த எண்ணிக்கையில்தான் செய்திருக்கிறார்கள் என்று எண்ணி அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் கடை எனக்கு அளித்தது, அவர்களிடமே செலவழிக்கக்கூடிய 5 டாலர் கூப்பன். அதை நான் பயன்படுத்தவில்லை. இன்று காலை அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சரக்கு மீண்டும் வந்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். பல்லித் தலையும் அமிலத் துண்டும் படத்தில் அப்படியே இருக்கின்றன.