எம்1 காரண்ட்: தோட்டா ஏறும் விதமும் உறை வெளியேறும் விதமும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை ஏந்திய எம்1 காரண்ட் ரைஃபிளைச் சொந்தமாக வாங்கி இலக்குச் சுடுதலில் ஈடுபட விரும்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கு முன்னால் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. சி.எம்.பி. என்று அழைக்கப்படும் குடிமக்கள் சுடுதிறன் அமைப்பிடமிருந்து முழு ரைஃபிளாக வாங்கலாம்; இல்லையெனில், ரிசீவர் (மற்ற பாகங்கள் பொருந்தும் நடுச்சட்டம்), பேரல் (குழல்), போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து தள்ளி அடைக்கும் பாகம்), ஆபரேட்டிங் ராடு (போல்ட்டை நகர்த்தும் தண்டு) என்று பாகங்களைத் தனித்தனியாகச் சேர்த்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். நான் முதல் வழியில் 'சர்வீஸ்' தரத்து ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். எங்கள் சுடுதல் மன்றத்து நண்பர் ஒருவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு ரைஃபிள்களையும் ஒரே களத்தில், ஒரே வகைத் தோட்டாக்களைக் கொண்டு சுட்டுப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். துல்லியம், மரவேலையின் அழகு, வரலாற்று மதிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். தோட்டா சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையிலுள்ள அறையில், ஒழுங்காக ஏறுகிறதா, சுட்டபின் வெற்று உறை ஒழுங்காக வெளியேறுகிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சி.எம்.பி. பற்றிச் சுருக்கமாக: முன்பு அமெரிக்கத் தரைப்படை நடத்திவந்த திட்டத்தை 1996-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனி அமைப்பாக மாற்றியது. அலபாமாவின் அனிஸ்டனில் அதன் விற்பனைக் கூடம் உள்ளது. வாங்குபவர் 18 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாகவும், அதனோடு இணைந்த ஒரு மன்றத்தின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். பின்னணிச் சோதனையும் உண்டு. கிரேக்கம், பிலிப்பைன்ஸ் போன்ற நட்பு நாடுகளுக்கு முன்பு வழங்கப்பட்டுத் திரும்பி வந்த ரைஃபிள்கள் இங்கே பிரித்துச் சோதிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றன. ஆகவே ஒரே ரைஃபிளில் ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவரும் வின்செஸ்டர் போல்ட்டும் சேர்ந்திருப்பது இயல்பு. அதைக் குறையாகக் கருதக் கூடாது. பாகங்கள் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தவை என்பதைவிட, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை யாரோ ஒருவர் அளந்து பார்த்திருக்கிறாரா என்பதே முக்கியம்.

கனடாவில் பிறந்த ஜான் காரண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலத் தொழிற்சாலையில் உருவாக்கிய இந்த வடிவமைப்பை அமெரிக்கப் படை 1936-இல் ஏற்றது. எட்டுத் தோட்டாக்கள் கொண்ட உலோகக் கிளிப்பை அப்படியே மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். சுடும்போது பேரலின் முனைக்கு அருகேயுள்ள சிறு துளை வழியாக வாயு கீழிறங்கி ஆபரேட்டிங் ராடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ராடு சிறிது தொலைவு நகர்ந்து, குழலின் உள்ளழுத்தம் குறைந்த பிறகே போல்ட் சுழன்று பூட்டு விடுபடுகிறது. போல்ட்டின் முகத்திலுள்ள எக்ஸ்ட்ராக்டர் உறையின் விளிம்பைப் பற்றி இழுக்க, எஜெக்டர் அதை வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங்கின் விசையால் போல்ட் முன்னே பாய்ந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளுகிறது. எட்டாவது தோட்டா முடிந்ததும் காலிக் கிளிப்பும் மேலே துள்ளி விழும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் துப்பாக்கி நின்றுவிடும். எந்தக் கண்ணி தளர்ந்தது என்பதை, வெளியே விழுந்த உறையையும் விழாமல் நின்ற உறையையும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

என் ரைஃபிள் இந்தச் சோதனையில் சிறப்பாகத் தேறியது. உறைகள் வலப்புறம் முன்னோக்கி ஒரே சீராக விழுந்தன. விளிம்புகளில் கிழிசலோ, உடலில் ஆழமான கீறலோ இல்லை. முதல் தோட்டா மட்டும் சில வேளைகளில் முழுமையாக ஏறாமல், போல்ட் மயிரிழை திறந்து நிற்கும். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியால் ராடின் கைப்பிடியை முன்னோக்கித் தட்டினால் மூடிக்கொள்ளும். இது இந்த ரைஃபிளின் பழைய இயல்பு, படைவீரர்களும் இப்படியே தட்டிப் பழகியவர்கள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது தோட்டாக்களிலும் அப்படி நின்றால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

நண்பரின் ரைஃபிளில் நடந்தது அதுதான். இணையத்தில் பாகங்கள் விற்கும் ஒருவரிடமிருந்து அவர் புதிய பேரலையும், வேறிடத்திலிருந்து பழைய போல்ட்டையும் வாங்கிப் பூட்டியிருந்தார். தோட்டாக்கள் பாதி வழியில் இறுகின; ஏறியவை சுடப்பட்டபின் வெளியே வர மறுத்தன. இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே என்று பலர் கருதினார்கள். உண்மையில் அவை வேறுவேறு. மாற்றுப் பேரல்கள் பெரும்பாலும் சேம்பர் சற்றே குறைவான ஆழத்தில் குடையப்பட்டே விற்கப்படுகின்றன. பேரலை ரிசீவரில் முறுக்கிய பிறகு, அந்தக் குறிப்பிட்ட போல்ட்டை வைத்து அளந்து, ரீமர் என்ற குடையும் கருவியால் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் இடையிலான இந்த அளவுக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். அதைச் சோதிக்க 'கோ', 'நோ-கோ', 'ஃபீல்டு' என்ற மூன்று கேஜ்கள் (அளவுக் கட்டைகள்) உள்ளன: இந்த ரைஃபிளுக்குரிய .30-06 வகைத் தோட்டாவுக்கு அவை முறையே 1.940, 1.946, 1.950 அங்குலம். 'கோ' கேஜின் மேல் போல்ட் மூட வேண்டும். 'ஃபீல்டு' கேஜின் மேல் மூடவே கூடாது. நண்பரின் ரைஃபிளில் 'கோ' கேஜே முழுமையாக ஏறவில்லை. பூட்டும்போது நண்பர் கேஜ் வைத்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் அதைச் சீர்செய்து கொடுத்தார். இந்த வேலையைக் கைப்பழக்கம் இல்லாதவர் வீட்டில் செய்யக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். அளவு கூடிவிட்டால் உறை சேம்பருக்குள்ளேயே பிளந்து, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

உறை வெளிவராத கோளாறு அதற்குப் பின்னும் நீடித்தது. இங்கே பார்க்க வேண்டியது உறையின் விளிம்பு. எக்ஸ்ட்ராக்டரின் பல் விளிம்பைக் கிழித்திருந்தால், உறை சேம்பரின் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள்: அழுக்கு, துருக்குழி, கரடுமுரடான குடைவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. விளிம்பில் சிறு அடையாளமும் இல்லையென்றால், எக்ஸ்ட்ராக்டர் பிடிக்காமலே வழுக்கியிருக்கிறது: பல் தேய்ந்திருக்கலாம், அதைத் தாங்கும் சிறு தண்டான பிளஞ்சரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். நண்பரின் உறைகளில் அடையாளமே இல்லை. எக்ஸ்ட்ராக்டரையும் அதன் சிறு ஸ்பிரிங்கையும் மாற்றியதும் கோளாறு நின்றது. செலவும் மிகச் சிறியது. மூன்றாவது வகைக் கோளாறும் உண்டு. உறை வெளியே விழும், ஆனால் சோர்வாகக் காலடியில் விழும். அடுத்த தோட்டாவைப் போல்ட் பற்றாமல் அதன் மேலேயே வழுக்கிச் செல்லும். போல்ட் போதிய தூரம் பின்னே போகவில்லை என்பதற்கு இது அடையாளம். வாயு உருளையின் முனையிலுள்ள திருகு தளர்ந்திருப்பதே இதற்கு மிகப் பொதுவான காரணம். பெரிய பாகங்கள் எதையும் சந்தேகிக்கும் முன் அதை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஆபரேட்டிங் ராடின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அளந்து பார்ப்பதும் நல்லது: அதன் நீளம் 19 அங்குலத்துக்குக் குறைந்தால் புதியது போட வேண்டும்.

கிரீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வாங்குவோர் இதைத்தான் புறக்கணிக்கிறார்கள். பிற்கால ரைஃபிள்கள் பலவற்றுக்குப் போதுவதுபோல இதற்கு எண்ணெய் மட்டும் போதாது. போர்க்காலத்திலேயே, கடும் மழையில் எண்ணெய் கழுவப்பட்டுப் போல்ட் இறுகிக்கொள்வதைப் படையினர் கண்டார்கள்; அதன் பிறகே ஒவ்வொரு ரைஃபிளின் பின்கட்டையிலும் சிறு கிரீஸ் குப்பி வைக்கும் வழக்கம் வந்தது. போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளான லக்குகள், ராடு அவற்றைத் திருப்பும் வளைந்த பாதை, ரிசீவரின் உள்வரிகள் ஆகிய இடங்களில் மெல்லிய பூச்சு வேண்டும். சேம்பருக்குள்ளும் வாயு உருளைக்குள்ளும் மட்டும் கிரீஸோ எண்ணெயோ ஒருபோதும் தங்கக் கூடாது.

தோட்டா விஷயத்தில் சி.எம்.பி. வெளியிட்டுள்ள எச்சரிக்கை தெளிவானது: குண்டின் எடை 172 முதல் 174 கிரெயினுக்கு (குண்டை எடைபோடும் சிறு அலகு) மேல் போகக் கூடாது, வேகம் நொடிக்கு 2,700 அடியைத் தாண்டக் கூடாது. வாயுத் துளை பேரலின் முனைக்கு அருகே இருப்பதால், மெதுவாக எரியும் வெடிமருந்து கொண்ட கனமான வேட்டைத் தோட்டாக்கள் அந்த இடத்தில் மிகுந்த அழுத்தத்தைத் தருகின்றன, ராடு வளைந்துவிடும். வளைந்த ராடு பின்னர் உரசி, தோட்டா ஏறுவதையும் கெடுக்கும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய படைத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமர், அதாவது உறையின் அடியிலிருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம், அரிக்கும் தன்மை கொண்டது. அவற்றைச் சுட்ட அன்றே நீர் கலந்த கரைசலால் கழுவாவிட்டால் சேம்பரில் துருக்குழி விழும், அதன் பிறகு எந்த எக்ஸ்ட்ராக்டரும் உதவாது. உறைகளை மீண்டும் நிரப்புவோர் முழு நீளத்துக்கும் அளவு சுருக்கி, ஒவ்வொன்றையும் உறைக் கேஜில் இட்டுப் பார்க்க வேண்டும். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே அமர்ந்திருக்க வேண்டும். இந்த ரைஃபிளில் பிரைமரை அடிக்கும் ஊசி தடையின்றி நகரும் வகை என்பதால், மேலே துருத்தி நிற்கும் பிரைமர் போல்ட் மூடும் வேகத்திலேயே வெடிக்கக்கூடும்.

இரண்டையும் ஒப்பிட்டால் என் பரிந்துரையில் ஐயமில்லை. முதல் காரண்டை வாங்குபவர் சி.எம்.பி.-யிடம் முழு ரைஃபிளாகவே வாங்கட்டும். பேரலின் தொண்டைப் பகுதியும் (சேம்பரை அடுத்து குண்டு நுழையும் இடம்) முனையும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பது அளக்கப்பட்டு, சேம்பர் சோதிக்கப்பட்டு வருவதற்காகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. வீட்டில் பூட்ட விரும்புவோர் வெட்டப்பட்டு மீண்டும் பற்றவைக்கப்பட்ட ரிசீவர்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்க வேண்டும், தங்கள் மாநிலச் சட்டத்தை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும், முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் அளவைப் பார்த்துவிட வேண்டும். ரைஃபிளோடு சேர்த்து வாங்கத் தக்கவை மூன்று: ஒரு 'ஃபீல்டு' கேஜ், சேம்பருக்கென்றே செய்யப்பட்ட ராட்செட் பிரஷ், படைத் தரத்திலான கிளிப்புகள் பத்து. மலிவான புதிய கிளிப்புகள் தோட்டாக்களை ஒரே இறுக்கத்தில் பிடிப்பதில்லை. கிளிப்பை அழுத்தும்போது வலது உள்ளங்கையின் ஓரத்தால் ராடின் கைப்பிடியைத் தடுத்துக்கொண்டு, கட்டைவிரலை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். போல்ட் முன்னே பாயும் வேகத்தில் நகம் கருத்துவிடும்.